140 கிரெடிட் நிறைந்தும் பட்டம் நின்றுபோன பி.எஸ்சி. மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த தன்னாட்சிக் கல்லூரியில் 2016இல் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்த மாணவி ஒருவர், 2019 ஏப்ரலில் ஆறாம் செமஸ்டரை ஓர் அரியர்கூட இல்லாமல் முடித்தார். மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) 83 விழுக்காடு. ஒவ்வொரு தாளிலும் தேறும்போது வரவாகும் அலகான கிரெடிட்டின் கூட்டுத்தொகை சரியாக 140. கல்லூரி ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுத்தது. எம்.எஸ்சி. இடமும் வேறோர் ஊரில் கிடைத்துவிட்டது. ஜூலை மூன்றாம் வாரத்தில் பல்கலைக்கழகத்தின் பட்டப் பிரிவு, கல்லூரி அனுப்பிய பட்டியலில் அவர் பெயரை மட்டும் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியது: பட்டத்துக்குத் தகுதியில்லை.

கல்லூரித் தேர்வு அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும், வகுப்பு ஆசிரியர்களுக்கும், இளநிலை அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கும் பயன்படும் என்பதால் இந்த நிகழ்வு இங்கே பதிவாகிறது. ஆட்களும் நிறுவனங்களும் பெயரில்லாமல் குறிக்கப்படுகின்றனர்.

பின்னணி: 140 எப்படிச் சேர்கிறது

தமிழ்நாட்டில் கலை அறிவியல் படிப்புகள் ஐந்து பகுதிகளாக இருக்கின்றன. அந்தத் தொகுதிக்கு, அதாவது அந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு, பொருந்திய விதிப்படி பி.எஸ்சி.க்கு இருந்த கணக்கு இது. பகுதி 1 மொழிப்பாடம், நான்கு தாள்கள், 12 கிரெடிட். பகுதி 2 ஆங்கிலம், நான்கு தாள்கள், 12. பகுதி 3தான் பெரியது: மேஜர் தாள்களும் பிராக்டிகலும் சேர்த்து 15 தாள்கள், ஒவ்வொன்றும் 4 வீதம் 60, அலைடு (துணைப்பாடம்) நான்கு தாள்கள், 5 வீதம் 20, எலெக்டிவ் அல்லது புராஜெக்ட் மூன்று, 5 வீதம் 15, ஆக 95. பகுதி 4இல் நான்கு அறைகள், அதாவது தாள்களால் நிரப்ப வேண்டிய உட்பிரிவுகள்: திறன் சார்ந்த பாடங்கள் நான்கு, 12 கிரெடிட், சுற்றுச்சூழல் கல்வி 2, விழுமியக் கல்வி 2, மீதி 4 கிரெடிட்டைப் பற்றியதே இந்த ஆய்வு. பகுதி 5 நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற புறப்பணி, 1 கிரெடிட். மொத்தம் 140.

பகுதி 4ஐயும் 5ஐயும் மாணவர்கள் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று தீர்மானிக்கும் கணக்கில் அவை சேராததே காரணம். ஆனால் அவற்றை முடிக்காதவருக்குப் பட்டமே இல்லை. தரத்துக்குக் கணக்கில் வராத ஒன்று தகுதிக்குக் கட்டாயமாக இருப்பதைப் பல ஆசிரியர்களே முழுதாக உணர்வதில்லை. சுற்றுச்சூழல் கல்வித் தாள் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் இதன் கனம் புரியும். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த சுற்றுச்சூழல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து நாடு முழுவதும் எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயமான தாள் அது. இரண்டு கிரெடிட்தானே என்று ஒரு கல்லூரியோ பல்கலைக்கழகமோ தானாகத் தள்ளிவிட முடியாது.

அந்த மீதி 4 கிரெடிட்டுக்கு வருவோம். முதல் இரண்டு செமஸ்டரில் தலா ஒரு தாள், ஒவ்வொன்றும் 2 கிரெடிட், வாரத்துக்கு 2 மணி நேரம். இந்த அறையில் யார் எதைப் படிக்க வேண்டும் என்பதற்கு விதியில் மூன்று கிளைகள் உண்டு.

பள்ளியில் தமிழ் படிக்காமல் வந்து, பகுதி 1இல் தமிழல்லாத மொழியை எடுத்தவர் அடிப்படைத் தமிழ் இரண்டு தாள் படிக்க வேண்டும். அதன் தரம் ஆறாம் வகுப்பு அளவு.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் பகுதி 1இல் வேறு மொழி எடுத்தவர் சிறப்புத் தமிழ் இரண்டு தாள் படிக்க வேண்டும்.

இந்த இரண்டிலும் வராதவர், அதாவது பகுதி 1இல் தமிழ் எடுத்தவர், பிற துறை வழங்கும் விருப்பப்பாடம் இரண்டு தாள் படிக்கலாம். கல்லூரிகளில் இதை என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்) என்பார்கள்.

வேதியியல் வகுப்பில் பெரும்பாலோர் பகுதி 1இல் தமிழ் எடுப்பவர்கள். அதனால் துறையில் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு செமஸ்டரின் அந்த மணி நேரம் என்றாலே என்.எம்.இ. நேரம் என்று பழகிவிட்டது. கால அட்டவணையிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. தவறு நுழைந்த வாசல் இதுவே.

ஒரு சிறு விளக்கம் இங்கே தேவை. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தது. 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 2015-16இல்தான் பத்தாம் வகுப்பைத் தொட்டது. 2016இல் கல்லூரி சேர்ந்தவர்கள் 2014இலேயே பத்தாம் வகுப்பை முடித்தவர்கள். ஆகவே மாநிலத்துக்குள் படித்திருந்தாலும் தமிழ் படிக்காதவர் அந்தத் தொகுதியில் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த மாணவி வெளிமாநிலத்தில் மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் இந்தியும் ஆங்கிலமும் படித்தவர். வீட்டில் தமிழ் பேசுபவர்.

2016 ஜூன், ஜூலை: எங்கே நழுவியது

பி.எஸ்சி. வகுப்புகள் ஜூன் மூன்றாம் வாரம் தொடங்கின. பகுதி 1இல் தமிழல்லாத மொழி எடுத்தவர்களின் பட்டியலை மொழித்துறை தயாரித்துத் தமிழ்த்துறைக்கு அனுப்புவது வழக்கம். அதில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தமிழ்த்துறை அடிப்படைத் தமிழ், சிறப்புத் தமிழ் என இரண்டாகப் பிரிக்கும். அந்த ஆண்டு பட்டியல் ஜூன் இறுதியில் போய்விட்டது.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் ஜூலையில் அறிவியல் துறைகளில் இடங்கள் காலியாகும். வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றிலும் இது ஆண்டுதோறும் நடப்பது; டி.சி. வாங்கிக்கொண்டு போகிறவர்களின் இடத்தில் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவர்கள் வருவார்கள். மாணவி அப்படி ஜூலை நடுவில் வந்தவர். சேர்க்கைப் படிவத்தில் பகுதி 1: இந்தி என்று சரியாகவே எழுதியிருந்தார். இந்தி வகுப்புக்கும் போனார். ஆனால் மொழித்துறை இரண்டாவது பட்டியல் எதையும் அனுப்பவில்லை. அப்படி அனுப்ப வேண்டும் என்ற நடைமுறையே இல்லை. வகுப்பு ஆசிரியர், இடம் மிச்சமிருந்த ஒரு வணிகவியல் என்.எம்.இ. வகுப்பில் அவரை உட்காரச் சொன்னார்.

முதல் செமஸ்டர் தேர்வுக்கான பதிவுப் படிவத்தில் தாள் குறியீடுகள் மட்டுமே இருந்தன. எந்தத் தாள் எந்த அறையை நிரப்புகிறது என்பது அதில் இல்லை. மாணவி கையெழுத்திட்டார், வகுப்பு ஆசிரியர் கையெழுத்திட்டார், துறைத் தலைவர் கையெழுத்திட்டார். தேர்வு அலுவலக மென்பொருள் பதிவை ஏற்றுக்கொண்டு ஹால் டிக்கெட் அச்சிட்டது. இரண்டு செமஸ்டரிலும் அந்த விருப்பப்பாடத்தை அவர் நல்ல மதிப்பெண்ணோடு தேறினார். 4 கிரெடிட் வரவு வைக்கப்பட்டது.

அதன்பின் நான்கு செமஸ்டரிலும் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய எந்த இடமும் இல்லை. மென்பொருள் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டது: தேறாத தாள் ஏதாவது உண்டா, கூட்டுத்தொகை 140 வந்ததா. இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்தது.

2019 ஜூலை: பல்கலைக்கழகம் கண்டது

தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் வகுக்கலாம், தேர்வு நடத்தலாம், முடிவு வெளியிடலாம். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம்தான். ஆகவே தேறியவர்களின் பட்டியலும் மதிப்பெண் விவரங்களும் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அங்கே பட்டப் பிரிவில் இருந்தவர் கூட்டுத்தொகையைப் பார்க்கவில்லை. பகுதி வாரியாகப் பார்த்தார். பகுதி 1 இந்தி. அப்படியானால் பகுதி 4இல் அடிப்படைத் தமிழோ சிறப்புத் தமிழோ இருக்க வேண்டும். என்.எம்.இ. இருந்தது. ஒரு வரிக் குறிப்போடு பெயர் திரும்பி வந்தது.

கையால் ஒவ்வொரு வரியாகப் பார்த்த அந்த அலுவலர் இல்லையென்றால், பட்டம் அச்சாகி, பிறகு வெளிநாட்டுப் படிப்புக்கோ அரசுப் பணிக்கோ சான்றிதழின் உண்மைத்தன்மை சரிபார்க்கப்படும் நாளில் இது வெளிப்பட்டிருக்கும். அது இதைவிடப் பல மடங்கு கொடுமையாக இருந்திருக்கும்.

மாணவிக்கு அப்போது இருந்த நெருக்கடி: எம்.எஸ்சி. வகுப்பு ஜூலை கடைசியில் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழகத்தின் ப்ரொவிஷனல் (தற்காலிகப் பட்ட) சான்றிதழை செப்டம்பர் 30க்குள் கொடுப்பதாக உறுதிமொழி எழுதித் தந்து சேர்ந்திருந்தார். தவறினால் இடம் போகும்.

முன்னிருந்த வழிகள்

குறிப்பு வந்த வாரமே கல்லூரி முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், வேதியியல், தமிழ்த்துறைத் தலைவர்கள், மூத்த ஆசிரியர் ஒருவர் ஆகியோர் கூடினர். ஐந்து வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, பல்கலைக்கழகத்திடம் விலக்கு கேட்பது. பகுதி அமைப்பு பல்கலைக்கழக விதி. கல்லூரியின் கல்விக் குழுவால் அதைத் தளர்த்த முடியாது. பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட் வரை போக வேண்டும், மாதங்கள் ஆகும், கிடைக்கும் என்ற நிச்சயமும் இல்லை. கைவிடப்பட்டது.

இரண்டாவது, படித்த என்.எம்.இ. தாள்களை அடிப்படைத் தமிழுக்கு இணையானவை என்று கருதும்படி கேட்பது. இணைத்தன்மை என்பது பாடப்பொருள் ஒத்திருக்கும்போது கொடுப்பது. வணிகவியல் தாளுக்கும் ஆறாம் வகுப்புத் தமிழுக்கும் பொதுவான ஒன்றுமில்லை. கோரிக்கையே நேர்மையற்றதாக இருக்கும் என்று தமிழ்த்துறைத் தலைவர் சொன்னதை மற்றவர்கள் ஏற்றனர்.

மூன்றாவது, 2016-17 பதிவேட்டில் அடிப்படைத் தமிழ் மதிப்பெண்ணை இப்போது சேர்த்துவிடலாம் என்ற பேச்சு. உள்மதிப்பீட்டு மதிப்பெண் கல்லூரியிடம்தானே இருக்கிறது என்று சொல்லப்பட்டது. எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போடுவது பொய்ப்பதிவு. குழு அதை ஒரு நிமிடத்தில் தள்ளியது. அழுத்தம் கூடும் நேரத்தில் இத்தகைய யோசனை எந்த அலுவலகத்திலும் எழும். அதை எழுத்தில் நிராகரித்துக் குறிப்பில் சேர்த்தது குழு செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

நான்காவது, நவம்பர் தேர்வில் வழக்கமான முதலாண்டு மாணவர்களோடு எழுதச் செய்வது. விதிப்படி மிகச் சுத்தமான வழி. ஆனால் செப்டம்பர் 30 தாண்டிவிடும். மாணவி ஓராண்டை இழப்பார். அதோடு அடிப்படைத் தமிழின் முதல் தாள் நவம்பரில், இரண்டாம் தாள் ஏப்ரலில் என்று வரும். பட்டம் 2020க்குப் போகும்.

ஐந்தாவது, இரண்டு தாளுக்கும் தனி வகுப்பு நடத்தி ஆகஸ்ட் இறுதியில் சிறப்புத் தேர்வு வைப்பது. இறுதியாண்டில் ஒரே ஓர் அரியர் உள்ளவர்களுக்குச் சிறப்புத் துணைத் தேர்வு நடத்தும் விதி கல்லூரியில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது தோற்றவருக்கு, ஒரு தாளுக்கு மட்டும். இவர் தோற்கவில்லை, தாள்களும் இரண்டு. ஆகவே அந்த விதியை இழுத்துப் பொருத்தாமல், தனி ஒப்புதல் பெறுவது என்று முடிவாயிற்று.

எடுத்த முடிவும் காரணங்களும்

ஐந்தாவது வழியில் நான்கு நிபந்தனைகள் வைக்கப்பட்டன.

பல்கலைக்கழகத்துக்கு முதலில் எழுதி, எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகே தேர்வு. தேர்வு நடத்திவிட்டு ஒப்புதல் கேட்டால், அது மறுக்கப்படும்போது மாணவி இரண்டாம் முறையும் அடிபடுவார். கடிதத்தில் நடந்ததை அப்படியே, கல்லூரியின் பிழை என்று சொல்லி எழுதினார்கள். பதில் ஒரு வாரத்துக்குள் வந்தது. கல்லூரியின் கல்விக் குழு அடிக்கடி கூடாது என்பதால், அதன் தலைவர் என்ற முறையில் முதல்வர் ஒப்புதல் தந்து, அடுத்த கூட்டத்தில் பின்னேற்பு பெற்றார்.

இரண்டாவது, வருகை. 75 விழுக்காடு வருகை இல்லாதவர் தேர்வு எழுத முடியாது என்பது பொது விதி. மாணவி வகுப்புக்கு வராமல் போனவர் அல்லர், பதிவே செய்யப்படாதவர். விலக்கு கொடுத்துவிடலாம் என்று ஒருவர் வாதிட்டார். குழு ஒப்பவில்லை. வாரம் 2 மணி வீதம் 15 வாரம், தாளுக்கு 30 மணி, இரண்டுக்கும் 60 மணி. அந்த 60 மணியையும் நடத்துவது என்று தீர்மானித்தது. படிக்க வேண்டிய தாளைப் படித்தார் என்று பின்னாளில் எவர் கேட்டாலும் காட்ட வருகைப் பதிவேடு இருக்க வேண்டும் என்பது காரணம்.

மூன்றாவது, வினாத்தாளை வெளிக்கல்லூரி ஆசிரியர் எடுக்க வேண்டும், விடைத்தாளை வேறொரு வெளிக்கல்லூரி ஆசிரியர் திருத்த வேண்டும். பிழை செய்த கல்லூரியே தன் பிழையை மறைக்க மாணவியைத் தேற்றிவிட்டது என்ற பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது.

நான்காவது, மாணவியிடம் கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது. மாணவர் கையேட்டில் விதி அச்சிடப்பட்டிருக்கிறது, படித்திருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்ற வாதமும் எழுந்தது. பதினேழு வயதில், வெளிமாநிலத்திலிருந்து, வகுப்பு தொடங்கி நான்கு வாரம் கழித்து வந்த ஒருவர், ஆசிரியர் உட்காரச் சொன்ன வகுப்பில் உட்கார்ந்தார். அந்த வாதம் நியாயமானதல்ல. கையேட்டில் விதி ஆங்கிலத்தில் மட்டும், கட்டண விவரங்களுக்குப் பின்னால், ஒரு பத்தியில் இருந்தது.

எம்.எஸ்சி. சேர்ந்த நிறுவனத்துக்கும் முதல்வர் கடிதம் எழுதினார். "தேர்வு முடிவு தாமதம்" என்று பூசி மெழுகாமல், பகுதி 4இல் இரண்டு தாள் எழுத வேண்டியிருக்கிறது, இந்தத் தேதிக்குள் முடியும், பிழை எங்களுடையது என்று இருந்தது அந்தக் கடிதம். அவகாசத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கெடு மாறாமலே முடிக்கத் திட்டம் இருந்தது.

2019 ஆகஸ்ட்: 60 மணி நேரம்

வார நாட்களில் மாணவி வேறு ஊரில் எம்.எஸ்சி. வகுப்பில் இருந்தார். ஆகஸ்ட் 3-4, 10-11, 17-18, 24-25 என எட்டு சனி ஞாயிறு நாட்கள். அதோடு 12ஆம் தேதி பக்ரீத் விடுமுறை, 15ஆம் தேதி விடுதலை நாள். பத்து நாள், நாளுக்கு 6 மணி. தமிழ்த்துறையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் முறை வைத்து வந்தனர்.

முதல் வார இறுதியிலேயே ஒரு தப்புக் கணக்கு தெரிந்தது. மாணவி தமிழ் சரளமாகப் பேசுவார், ஆகவே முதல் தாள் எளிது என்று எல்லோரும் நினைத்திருந்தனர். பேசுபவருக்கு எழுத்து எளிதாக வந்துவிடுவதில்லை. உயிர்மெய்யில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இரண்டு பக்கமும் குறி வரும் ஒகர ஓகாரம் இவற்றில் கை தடுமாறியது. ர-ற, ல-ள-ழ, ந-ன-ண வேறுபாடு காதில் ஓரளவு பிடிபட்டாலும் எந்தச் சொல்லுக்கு எது என்று தெரியவில்லை. இந்தியில் எழுதிப் பழகிய கைக்கு, க ஒரே எழுத்து மூன்று நான்கு ஒலிக்கு நிற்பதும் புதிது. மொழிபெயர்ப்பும் பத்தி எழுதுவதும் உள்ள இரண்டாம் தாளைத்தான் கடினம் என்று எண்ணியிருந்தார்கள். அதில் அவருக்கு வாக்கியம் தானாக வந்தது, எழுத்துப்பிழைதான் மதிப்பெண்ணைத் தின்றது.

திட்டம் மாற்றப்பட்டது. ஆறு மணியும் தொடர்ந்து பாடம் என்பதை விட்டு, இரண்டு மணி பாடம், இரண்டு மணி வாய்விட்டுப் படித்தல், இரண்டு மணி சொல்வதெழுதல் என்று பிரித்தனர். சொல்வதெழுதலில் தவறிய சொற்களை மட்டும் ஒரு நோட்டில் சேர்த்து, வார நாட்களில் தினம் ஒரு பக்கம் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் செய்தனர். மூன்றாம் வார இறுதியில் கொம்புப் பிழைகள் ஏறக்குறைய நின்றன. ற-ர குழப்பம் தேர்வு வரை இருந்தது.

உள்மதிப்பீடு 25 மதிப்பெண்ணுக்கு: ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு தேர்வு, ஓர் ஒப்படைப்பு. வழக்கமான மாணவர்களுக்குள்ள அதே பங்கீடு. தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, ஆகஸ்ட் 31 சனிக்கிழமை முதல் தாள், செப்டம்பர் 1 ஞாயிறு இரண்டாம் தாள். தேற, எழுத்துத் தேர்வில் 75க்கு 30, மொத்தத்தில் 100க்கு 40 வேண்டும்.

விளைவு

முதல் தாளில் 41உம் உள்மதிப்பீடு 18உம் சேர்ந்து 59. இரண்டாம் தாளில் 46, 19, மொத்தம் 65. முடிவு செப்டம்பர் முதல் வாரத்திலேயே தேர்ச்சிக் குழு முன் வைக்கப்பட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போனது. ப்ரொவிஷனல் சான்றிதழ் கெடுவுக்கு ஏழு நாள் முன்பு கைக்கு வந்தது. எம்.எஸ்சி. இடம் தப்பியது.

பழைய என்.எம்.இ. தாள்களை என்ன செய்வது என்ற கேள்வி எளிதாகத் தோன்றினாலும் அரை நாள் பேச்சை எடுத்தது. அழித்தால் 140; வைத்தால் 144. படித்துத் தேறியதை அழிக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை என்று முடிவாகி, அவை கூடுதல் கிரெடிட் என்ற தலைப்பில் புதிய பட்டியலில் தனியாக அச்சிடப்பட்டன. பழைய ஒருங்கிணைந்த பட்டியல் திரும்பப் பெறப்பட்டு ரத்து முத்திரையோடு கோப்பில் வைக்கப்பட்டது. மின்னணுப் பெட்டகத்தில் ஏற்றியிருந்த நகலையும் நீக்கிப் புதியதை ஏற்றினர். இதை மறந்திருந்தால் ஒரே மாணவிக்கு இரண்டு முரண்பட்ட பதிவுகள் நிலைத்திருக்கும்.

முழுதாகச் சரிசெய்ய முடியாதவை இரண்டு. தேறிய மாதம் ஏப்ரல் 2019 என்று இருந்திருக்க வேண்டியது, கடைசித் தாள் தேறிய தேதிப்படி செப்டம்பர் 2019 ஆனது. ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் பட்டத் தகுதி கேட்கும் விண்ணப்பங்களில் இது அவரைப் பாதிக்கலாம். மற்றது ரேங்க். துறையில் அவர் இரண்டாம் இடம். எல்லாப் பகுதிகளையும் மூன்று கல்வியாண்டுக்குள் முதல் முயற்சியில் முடித்தவருக்கே ரேங்க் என்பது விதி. அடிப்படைத் தமிழ் இரண்டும் முதல் முயற்சியாகவே பதிவாயின. ஆனால் மூன்றாண்டு தாண்டிவிட்டது. ரேங்க் சான்றிதழ் கொடுக்கப்படவில்லை. குழு இதில் விதியைத் தளர்த்த மறுத்தது சரியே. ஆனால் இழப்பு மாணவியுடையது, பிழை அவருடையதல்ல. மேற்படிப்பு விண்ணப்பங்களில் இணைக்க, துறையில் அவர் பெற்ற இடத்தையும் ரேங்க் கிடைக்காததன் காரணத்தையும் விளக்கும் கடிதம் ஒன்றை முதல்வர் தந்தார். மேஜர் மதிப்பெண் அடிப்படையிலான வகுப்புத் தரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

தேடியபோது கிடைத்த மற்றவை

அந்த ஆண்டு தேறிய எல்லாத் துறை மாணவர்களின் பதிவும் அறை வாரியாக மறுபடி பார்க்கப்பட்டது. இன்னொருவர் சிக்கினார். இயற்பியல் மாணவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர், கல்லூரியில் பிரெஞ்சு எடுத்தவர். அவருக்குரியது சிறப்புத் தமிழ். அமர்த்தப்பட்டதோ அடிப்படைத் தமிழில். இரண்டும் தமிழ் என்பதால் பல்கலைக்கழகமும் கவனிக்கவில்லை. கல்லூரி தானாக எழுதித் தெரிவித்தது. அவர் வேலையில் சேர்ந்திருந்தார், நெருங்கிய கெடு இல்லை. வழக்கமான நவம்பர், ஏப்ரல் தேர்வுகளையே தேர்ந்தெடுத்தார்.

படித்துக்கொண்டிருந்த இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடையேயும் சில பேர் தவறான அறையில் இருந்தனர். அவர்களுக்குத் தீர்வு மிக எளிதாக இருந்தது: மிச்சமிருந்த செமஸ்டர்களில் வாரம் 2 மணி நேரம் கூட்டினால் போதும். ஒருவருக்கும் தனித் தேர்வு தேவைப்படவில்லை, ஒருவரின் தேறிய தேதியும் மாறவில்லை. அதே பிழை, ஆறாம் செமஸ்டருக்கு முன் கண்டால் ஒரு கால அட்டவணைத் திருத்தம். ஆறாம் செமஸ்டருக்குப் பின் கண்டால் ஓராண்டையே இழக்கும் ஆபத்து.

மாற்றியவை

மென்பொருளின் 140 சோதனைக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவருக்கும் பத்துக் கட்டங்கள் உள்ள ஒரு வரி உருவாக்கப்பட்டது: மொழி 12, ஆங்கிலம் 12, மேஜர் 60, அலைடு 20, எலெக்டிவ் 15, தமிழ் அல்லது என்.எம்.இ. 4, திறன் 12, சுற்றுச்சூழல் 2, விழுமியம் 2, புறப்பணி 1. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே நிறைய வேண்டும். ஒன்றின் உபரி மற்றொன்றை நிரப்பாது. ஆறாவது கட்டத்தில் எந்தத் தாள் குறியீடு ஏற்கப்படும் என்பதை மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை. பகுதி 1 மொழி எது, பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் தமிழ் உண்டா என்ற இரண்டு தகவலிலிருந்து மென்பொருளே தீர்மானிக்கிறது. பொருந்தாத குறியீட்டோடு முதல் செமஸ்டர் பதிவு வந்தால் ஹால் டிக்கெட் அச்சாகாது.

மொழித்துறைப் பட்டியல் இப்போது இரண்டு முறை போகிறது: ஜூன் இறுதியில் ஒன்று, சேர்க்கை முழுதும் மூடப்பட்ட மறுவாரம் ஒன்று. இரண்டாவதில் தாமதமாகச் சேர்ந்தவர்களும், மொழி மாற்றிக்கொண்டவர்களும் வருவார்கள். முதல் சில வாரங்களில் பிரெஞ்சு கடினமென்று இந்திக்கோ தமிழுக்கோ மாறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு; தமிழுக்கு மாறியவர் அடிப்படைத் தமிழில் தொடர்ந்து உட்கார்ந்திருப்பதும் இதே பிழையின் மறுபக்கம்.

செமஸ்டர் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அந்தப் பத்துக் கட்டமும், பெற்றது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. நான்காம் செமஸ்டர் முடிவு வந்த பதினைந்து நாளுக்குள் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொரு மாணவரோடும் உட்கார்ந்து அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நான்காம் செமஸ்டர் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. மொழி, ஆங்கிலம், அலைடு ஆகிய மூன்றும் அத்தோடு முடிந்துவிடும். மிச்சம் தெளிவாகத் தெரியும். சரிசெய்ய இன்னும் இரண்டு செமஸ்டர் இருக்கும்.

2023-24இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வந்தபோது கட்டங்களின் பெயரும் அளவும் மாறின. என்.எம்.இ. திறன் மேம்பாட்டுப் பாடங்களின் கீழ் போனது. மொத்தம் 140 என்பது அப்படியே நின்றது. புதிய தொகுதிக்குப் புதிய வரி உருவாக்கப்பட்டது. பழைய தொகுதியின் வரி பழைய விதிப்படியே தொடர்ந்தது. இடையில் படிப்பை நிறுத்திவிட்டுப் பிந்திய தொகுதியோடு மறுபடி சேர்பவர்கள் இரண்டு விதிகளுக்கும் நடுவில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கட்டம் எந்த விதிப்படி என்பதை மென்பொருளிடம் விடாமல், சேரும் நாளிலேயே துறைத் தலைவரும் தேர்வு அலுவலகமும் கையால் எழுதி, பல்கலைக்கழகத்தின் இணைத்தன்மைக் கடிதத்தோடு கோப்பில் சேர்க்கின்றனர். அந்தக் கடிதம் வரும்வரை மறுசேர்க்கை மாணவருக்கு ஐந்தாம் செமஸ்டர் தேர்வுப் பதிவு திறக்கப்படுவதில்லை.